வெப்பமண்டலப் பொதுச் சுகாதாரம் படிக்கத் தாய்லாந்து போவது: ‘களப்பயிற்சி’ என்பதில் கைக்கு எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு?

தென்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு ஆண்டுகளாக மருத்துவ அலுவலராக இருக்கிறேன். பாங்காக்கில் மஹிதோல் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் புலம் நடத்தும் ஆறு மாத டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கலாமா என்று சில மாதங்களாக யோசித்து வருகிறேன். அந்தப் புலம் 1960இல் தொடங்கப்பட்டது என்பதும், வகுப்பறைகள் இருக்கும் அதே வளாகத்தில் வெப்பமண்டல நோய்களுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அங்கே ‘களப்பயிற்சி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு சந்தேகத்தோடு கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் படித்த கல்லூரியில் சமூக மருத்துவக் களப்பணி என்றால், ஐம்பது பேர் ஒரு பேருந்தில் ஏறிக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், குளோரின் உருளைக்கு முன்னால் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிவிடுவதாகவே இருந்தது. அந்த உருளையின் வால்வை எந்தப் பக்கம் திருப்புவார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அதே கதை வெளிநாட்டில், டாலர் கட்டணத்தில் நடப்பதாக இருந்தால், சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஆறு மாதம் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

லிவர்பூல், லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகளின் மூன்று மாதப் படிப்புகளைப் பார்த்தேன். லண்டன் பள்ளி கிழக்கு ஆப்பிரிக்காவில் மோஷியிலும் கம்பாலாவிலும் நடத்தும் படிப்பையும், பெருவின் லிமாவில் நடக்கும் ஒன்பது வார கோர்கஸ் படிப்பையும் பார்த்தேன். நோய் இருக்கும் ஊரிலேயே படிப்பது சரியென்று தோன்றுவதாலும், நம் நிலத்துக்கு அருகில் இருப்பதாலும் தாய்லாந்தில் வந்து நின்றிருக்கிறேன். படித்தவர்கள் இருந்தால், உங்கள் கை அங்கே என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். பாங்காக்கின் அழகைப் பற்றி வேண்டாம்.

நுண்ணோக்கி

டாக்டர், நான் அந்த டிப்ளமோவைப் படித்தவன். இப்போது ஒரு பெரிய மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் இருக்கிறேன். முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் ஆறு மாதத்தில் ஏறக்குறையப் பாதி விரிவுரையிலேயே கழிந்தது. வார்டில் நோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் உரிமை நமக்கு இல்லை, ஏனென்றால் நம்மிடம் தாய்லாந்தில் மருத்துவம் பார்க்கும் உரிமம் கிடையாது. அந்நாட்டு மருத்துவரின் பின்னால் நின்று கேட்கலாம், அவர் அனுமதித்தால் மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே வார்டுச் சுற்றைக் களப்பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

கை வேலை செய்த இடம் ஆய்வகம். மலேரியாவுக்கான தடித்த பூச்சு நாம் எல்லோரும் எம்.பி.பி.எஸ். காலத்தில் பார்த்ததுதான், ஆனால் போட்டதில்லை. ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் மூலையால் சுற்றிச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரப்ப வேண்டும்; காய்வதற்கு முன் அதை நாளிதழின் மேல் வைத்தால் அச்செழுத்து மங்கலாகப் படிக்கக் கிடைக்க வேண்டும். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் பூச்சு மெலிது, தெரியவே இல்லையென்றால் சாயமேற்றும்போது உரிந்து தண்ணீரோடு போய்விடும். மெல்லிய பூச்சை மெத்தனாலில் நனைக்க வேண்டும், தடித்த பூச்சை நனைக்கவே கூடாது, ஏனென்றால் சிவப்பணுக்கள் தண்ணீரில் உடைந்து வெளியேறினால்தான் ஒட்டுண்ணி தனித்துத் தெரியும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் என் முதல் பத்து ஸ்லைடுகளில் நான்கு உரிந்துபோயின. அந்த நான்கையும் பயிற்றுநர் குப்பையில் போடாமல் என் மேசையிலேயே வரிசையாக அடுக்கிவைத்தார்.

அடுத்தது எண்ணுவது. நுண்ணோக்கியில் 100 பார்வைப் புலங்களைப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. இருந்தால், 200 வெள்ளணுக்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை ஒட்டுண்ணிகள் வந்தன என்று எண்ணி, ஒரு மைக்ரோலிட்டருக்கு 8,000 வெள்ளணுக்கள் என்ற கணக்கில் 40ஆல் பெருக்க வேண்டும். நம் ஊரில் ‘பிளஸ், டபுள் பிளஸ்’ என்று எழுதிவிட்டுப் போகிறோமே, அங்கே ஏன் இவ்வளவு கணக்குப் பிள்ளை வேலை என்று முதல் வாரம் எரிச்சல்தான் வந்தது. காரணம் பின்னால் புரிந்தது. ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு ஒட்டுண்ணி மெதுவாகவே அடங்குகிறது என்று 2009இல் மேற்குக் கம்போடியாவின் பைலினிலிருந்து வந்த செய்திதான் உலகத்தை உலுக்கியது, அந்த மெதுவடங்கலைக் கண்டுபிடித்ததே இப்படி மணிக்கணக்காக எண்ணியதால்தான். மருந்து கொடுத்த மூன்றாம் நாளும் ஸ்லைடில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘டபுள் பிளஸ்’ என்று எழுதுகிறவனால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மியான்மர் எல்லையில் மே சோட்டைச் சுற்றி ஷோக்லோ மலேரியா ஆய்வுப் பிரிவு 1986 முதல் செய்துவரும் பணியும் இந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது.

ராட்சபுரி மாகாணத்தில் சுவான் பூங் என்ற எல்லைப் பகுதிக்கும் போனோம். அதைப் பற்றிப் பிறகு யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

கொசுவலை

டாக்டரம்மா, நான் பூச்சியியலில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். நுண்ணோக்கி எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தடித்த பூச்சைப் பழக விமானம் ஏற வேண்டுமா என்பதே என் கேள்வி.

தாய்லாந்தின் எல்லைக்காட்டில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் டைரஸ் கொசு நிழல் விழும் சிறு குட்டைகளிலும் விலங்குகளின் குளம்படித் தடத்தில் தேங்கும் நீரிலும் முட்டையிடுவது. ரப்பர் தோட்டத்திலும் காட்டிலும் இரவு தங்குகிறவனைக் கடிப்பது. சென்னையின் மலேரியா அனோபிலஸ் ஸ்டீபன்சையால் வருவது. அது மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது. அங்கே கற்ற கொசு இங்கே உங்களுக்கு உதவாது. இதே காரியத்தைப் புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் கொசுவழி நோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில், பொதுச் சுகாதாரப் பூச்சியியல் முதுநிலைப் படிப்பாகவே படிக்கலாம். சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001இல் தொடங்கிய களப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. அதில் ஆள் வேலையை விட்டு விலகாமல் தன் மாவட்டத்திலேயே ஒரு வாந்திபேதிப் பரவலைத் துப்புத் துலக்கி, குற்றவாளிக் குழாயைக் கண்டுபிடித்து அறிக்கை கொடுக்க வேண்டும். செய்து கற்பது என்றால் அதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. யானைக்கால் நோயின் நுண்புழு இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும் என்பதால், இரவு பத்து மணிக்கு மேல் வீடு வீடாகப் போய்த் தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுக்கும் வேலையை நான் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். ஒருமுறை வெளிநாட்டு மாணவர்கள் ஒரு குழுவாக வந்து எங்களோடு இரண்டு இரவுகள் சுற்றினார்கள். மரியாதையான பிள்ளைகள்தான், லேன்செட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், நன்றாகவே பிடித்தார்கள். எடுத்த ஸ்லைடுகளில் அவர்களுடைய பங்கை அவர்களே படிப்பதாகச் சொல்லி எடுத்துப் போனார்கள். முடிவு வரவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தத் தெருவுக்கு மறுபடியும் போனபோது ஒரு பெரியம்மா விரலை நீட்டி, ‘குத்துனவன் என்ன சொன்னான்?’ என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? அதற்குப் பிறகு அந்தத் தெருவில் இரவில் கதவு திறக்க வைப்பது எனக்குச் சிரமமாகவே இருந்தது. நீங்கள் தாய்லாந்துக் கிராமத்துக்குப் போனால் அந்த மாணவர்களின் இடத்தில் நிற்பீர்கள். அதை யோசித்தீர்களா?

வடமராட்சியான்

கொசுவலை ஐயாவுக்கு வணக்கம். நான் இலங்கையில் பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன். ஐயா சொன்ன பெரியம்மாவின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் ‘இங்கேயே பழகலாமே’ என்ற வாதம் இந்தியாவுக்குப் பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. என் பயிற்சிக்குக் கிடைத்தவை யாவும் பழைய ஸ்லைடுகள், பலமுறை எண்ணெய் துடைத்துச் சாயம் வெளிறியவை. அவற்றை அடிக்கடி பார்த்ததில், ஒட்டுண்ணி எந்த மூலையில் இருக்கிறது என்பதே மனப்பாடமாகிவிட்டது. இதற்குப் பெயர் வாசிப்பா? ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ காய்ச்சலோடு ஒருவர் வந்திறங்கும் இரவில், அவருடைய ஸ்லைடை என் முன்னால் வைத்தால், என் கண் அதை அடையாளம் காணுமா என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

பயத்துக்குச் சரித்திரமும் உண்டு. 1934–35 கொள்ளைநோயில் எண்பதினாயிரம் பேருக்கு மேல் இறந்த தீவு இது. டி.டி.டி. தெளித்து, 1963இல் ஆண்டு முழுவதற்கும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தோம். பிறகு கை தளர்ந்தது; 1968–69இல் ஐந்து இலட்சம் பேர் அளவில் மீண்டும் வந்தது. இப்போதோ முன்பு எங்களிடம் இல்லாத ஸ்டீபன்சை நுளம்பை மன்னாரில் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதுவும் கிணறுகளில். யாழ்ப்பாணத்தில் எத்தனை கிணறு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றில்லை. நுளம்பு வந்துவிட்டது, ஒட்டுண்ணி விமானத்தில் வரக்கூடும், ஆனால் வாசிக்கிறவனின் கைதான் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஆகையால் நோய் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பழகியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நுண்ணோக்கி அவர்களிடம் ஒரு கேள்வி. தாய்லாந்திலும் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. மேசை மீது வைத்த பயிற்சி ஸ்லைடுகளை விட்டுவிடுங்கள். அந்த ஆறு மாதத்தில் உயிரோடு வந்த மலேரியா நோயாளிகள் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?

வெள்ளைச்சீருடை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் செவிலியர். மேலே பேசும் டிப்ளமோவுக்கு நாங்கள் விண்ணப்பிக்க முடியுமா?

நுண்ணோக்கி

சகோதரி, அந்த டிப்ளமோ மருத்துவர்களுக்கு மட்டும். செவிலியர்களுக்கென்று வெப்பமண்டலச் செவிலியம் என்ற தனிப் படிப்பை லிவர்பூலிலும் லண்டனிலும் நடத்துகிறார்கள், அதைப் பாருங்கள்.

வடமராட்சியான் அவர்களுக்கு: நேர்மையான பதில், நான்கு பேர். நால்வரும் எல்லையிலிருந்து வந்தவர்கள். பாங்காக்கில் உட்கார்ந்திருந்தால் மலேரியா தேடி வராது என்பது உண்மை. மலேரியாவுக்காக மட்டும் போகிறவர்கள் மோஷிக்கோ கம்பாலாவுக்கோ போவதே நல்லது. நான் தாய்லாந்தில் உண்மையாகக் கற்றது வேறு இரண்டு காரியங்கள். முதலாவது, கொசுவலை ஐயா கேட்ட பெரியம்மாவின் கேள்வியைப் பற்றியது.

வடகிழக்குத் தாய்லாந்தை ஈசான் என்பார்கள். அங்கே குளத்து மீனைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், வறுத்து இடித்த அரிசிப் பொடி சேர்த்துப் பச்சையாகவே உண்பார்கள். அதற்குக் கோய் பிளா என்று பெயர். கெண்டை இன மீன்களின் சதையில் ஒளிந்திருக்கும் கல்லீரல் தட்டைப்புழு அதன் வழியாகப் பித்தநாளத்துக்குள் குடியேறிப் பல ஆண்டுகள் இருக்கும், பிற்பாடு சிலருக்குப் பித்தநாளப் புற்றுநோயாக முடியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவை 1994இலேயே புற்றுநோய் உண்டாக்கும் முதல் தரப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எலுமிச்சைச் சாறு மீனை வேகவைத்தது போல வெளுக்கச் செய்யும், புழுவைக் கொல்லாது. இதை அங்குள்ள கோன் கேனில் பார்ப்பதற்காக, பாடத்திட்டத்துக்கு வெளியே, அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் போனேன்.

முதல் நாள் என் கேள்வித்தாளில், ‘நீங்கள் பச்சை மீன் உண்பதுண்டா?’ என்று இருந்தது. மொழிபெயர்ப்பாளர் மூலம் பதினொரு வீடுகளில் கேட்டேன், பதினொன்றிலும் ‘இல்லை’. எங்களோடு வந்தவர் அந்தக் கிராமத்துச் சுகாதாரத் தன்னார்வலர். ஐம்பதைக் கடந்த அம்மாள். நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும் அப்படிப்பட்டவர்களில் ஒருவர், தன் தெருவில் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் பொறுப்பானவர். பன்னிரண்டாவது வீட்டில் என் தாளை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, அவரே திண்ணையில் உட்கார்ந்து, ‘போன வாரம் உங்கள் குளம் வற்றினபோது யார் கோய் செய்தார்கள்?’ என்று கேட்டார். சிரிப்போடு பதில் வந்தது. செய்தவர் பெயர், சாப்பிட்டவர்கள் பெயர், கூடக் குடித்த சாராயத்தின் அளவு வரை வந்தது. என் கேள்வி சட்டம் படித்தவன் கேட்கும் கேள்வி. ‘குற்றம் செய்தாயா’ என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

பிறகு மலமாதிரி. கேட்டோ–காட்ஸ் முறையில், 41.7 மில்லிகிராம் மட்டும் கொள்ளும் துளையுள்ள அச்சில் மலத்தை நிரப்பி, வழித்து, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாளால் மூடி அழுத்திப் பார்த்து, எண்ணிய முட்டைகளை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு வரும். முட்டை மிகச் சிறியது. தலையில் மூடியும், மூடியின் இருபுறமும் தோள் போன்ற விளிம்பும் இருக்கும். அந்தத் தோளைக் காணக் கண் பழக மூன்று நாள் ஆயிற்று. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. மாதிரி கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் அந்த அம்மாளோடு திரும்பப் போய், முடிவை வாயால் சொல்லி, முட்டை இருந்தவர்களுக்கு உடல் எடை பார்த்துப் பிராசிகுவாண்டெல் என்ற புழு மாத்திரை கொடுக்க அழைத்துவந்த பிறகே என் பணிப்புத்தகத்தில் கையெழுத்து விழுந்தது. எண்ணுவதற்கு மதிப்பெண் இல்லை, திரும்பிப் போனதற்குத்தான். ஒரு முதியவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, ‘இது இருக்கிறதே, இனி தைரியமாகச் சாப்பிடலாம்’ என்றார். அம்மாள் அவரைத் திட்டினார். என்ன சொல்லித் திட்டினார் என்பதை மொழிபெயர்க்க மொழிபெயர்ப்பாளர் மறுத்துவிட்டார்.

இரண்டாவது காரியம் மெலியோய்டோசிஸ். அதேபோல நானாகத் தேடிப் போன உபோன் ராட்சதானியில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயுள்ள நெல் விவசாயிகள். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி, மழைக்காலத்தில் காலின் கீறல் வழியாகவோ மூச்சின் வழியாகவோ நுழைந்து, நிமோனியாவாகவும் கல்லீரல், மண்ணீரலில் சீழ்க்கட்டிகளாகவும் வெளிப்படுகிறது. சர்க்கரை நோய், நெல் வயல், மழை என்ற மூன்றும் சேர்ந்தால் இதை நினைக்க வேண்டும் என்று அங்கே முதல் நாளே சொன்னார்கள். டாக்டர், அந்த மூன்றும் உங்கள் மாவட்டத்தில் இல்லையா?

அங்கே அதைக் கண்டுபிடிக்கச் செலவான கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆக்சிடேஸ் பாசிட்டிவ் கிராம் நெகட்டிவ் கிருமி வளர்ந்தால் வளர்ப்புத் தட்டில் மூன்று ஆன்டிபயாட்டிக் மருந்து வில்லைகளை வைத்துப் பார்ப்பார்கள். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், ஆக்மென்டினுக்கு மட்டும் அடங்கினால் உடனே தொலைபேசியில் வார்டுக்குச் சொல்வார்கள். தட்டை மேலும் சில நாள் விட்டுவைத்தால் வளர்ச்சி உலர்ந்து, சுருங்கிய வற்றல் போலத் தெரியும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. செஃப்டாசிடிம் ஊசி கொடுப்பது இறப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று அதே உபோனில் செய்த ஆய்வு 1989இல் வெளிவந்தது. தவறான ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். சிரை வழியாகக் குறைந்தது பத்து நாளேனும் கொடுத்துவிட்டு, மறுபடி வராமலிருக்க மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தர வேண்டும்.

கொசுவலை

அந்த அம்மாள் கேட்ட கேள்வியை இரண்டு முறை படித்தேன். முடிவைச் சொல்லாமல் கையெழுத்து இல்லை என்ற விதி எங்கள் காலத்தில் இருந்திருந்தால் அந்தத் தெரு எனக்குக் கதவைச் சாத்தியிருக்காது.

இருந்தாலும் ஒன்று, நுண்ணோக்கி. கோன் கேனும் உபோனும் நீங்களாகத் தேடிப் போனவை. கட்டணம் வாங்கியவர்களின் பாடத்திட்டத்தில் இருந்தவை அல்ல. ஆகவே டாக்டரம்மா போவதாக இருந்தால், டிப்ளமோவோடு சேர்த்து அந்த இரண்டு ஊர்களுக்கும் இப்போதே கடிதம் எழுதி அனுமதி வாங்கட்டும். இல்லையென்றால் உங்கள் பாதி நாள் விரிவுரையும் அந்த நான்கு மலேரியா நோயாளிகளும்தான் மிஞ்சும். கொசுவைப் பொறுத்தவரை என் நிலை மாறவில்லை, அதற்குப் புதுச்சேரி போதும்.

வடமராட்சியான்

நால்வர் என்று ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. நான் கம்பாலாப் பக்கம் விசாரிக்கிறேன். மருத்துவர் அல்லாதவர்களுக்கு அங்கே ஒட்டுண்ணியியல் குறும்பயிற்சி கிடைத்தால் இந்த இழையில் எழுதுவேன்.

தென்கரை

எல்லோருக்கும் நன்றி. நுண்ணோக்கி எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு விவசாயத் தொழிலாளியை நான்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஐம்பது வயதுக்காரர், கட்டுப்படாத சர்க்கரை, மூன்று வாரக் காய்ச்சல், ஸ்கேனில் மண்ணீரல் முழுக்கச் சிறு சிறு கட்டிகள். காசநோயாக இருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன். அங்கே எடுத்த சீழின் கல்ச்சரில் ‘சூடோமோனாஸ் இனம்’ என்று முடிவு வந்தது. ஜென்டாமைசின் எதிர்ப்பு என்றும் அதே தாளில் இருந்தது. ஆக்மென்டின் வில்லை வைத்ததாக இல்லை. ஒன்பதாம் நாள் இறந்தார். அந்தத் தாளின் நகலை அவருடைய மகன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார், நான் அதைப் படித்துவிட்டு, கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அது மெலியோய்டோசிஸ்தான் என்று இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது, தட்டு எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.

விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன், விடுப்புக்கான கோப்பு துணை இயக்குநர் அலுவலகத்தில் இருக்கிறது. கொசுவலை ஐயா சொன்னபடி கோன் கேனுக்கும் உபோனுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதற்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. நேற்று முன்தினம் எங்கள் மாவட்ட ஆய்வகத்துக்கு நேரில் போனேன். தட்டுகளை 48 மணி நேரத்தில் அப்புறப்படுத்திவிடுவதாகவும், இன்குபேட்டரில் இடமில்லை என்றும் சொன்னார்கள். கொஞ்சம் பேசியதில், சர்க்கரை நோயாளியின் சீழ் மாதிரி மட்டும் என்றால் ஒரு தட்டில் அந்த மூன்று வில்லைகளையும் வைத்து, ஐந்து நாள் வரை கீழ்த்தட்டில் விட்டுவைக்க ஒப்புக்கொண்டார்கள். அடையாளத்துக்கு மூடியின் மேல் மார்க்கரால் என் கைபேசி எண்ணை எழுதியிருக்கிறோம். முதல் தட்டு நேற்று மாலை வைக்கப்பட்டது.

நுண்ணோக்கி

டாக்டர், உடனே ஒரு காரியம் செய்யுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டச் சொல்லுங்கள்; திறப்பதாக இருந்தால் கிருமி வெளியே பரவாத ஆய்வகப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து மட்டும் திறக்க வேண்டும். கிருமியை வாசனையால் கண்டுபிடிக்கிறேன் என்று தட்டை மோந்து பார்க்கும் பழக்கம் பழைய தொழில்நுட்பவியலாளர்கள் பலருக்கு உண்டு. இந்தக் கிருமி மூச்சு வழியாகவும் தொற்றும். அங்கே யாருக்கும் சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அவர் இந்தத் தட்டைத் தொட வேண்டாம். மூன்றாம் நாள் வளர்ச்சி எப்படி இருக்கிறது என்று மூடியைத் திறக்காமல் ஓர் ஒளிப்படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.